பைக்கு இருந்த ஒருசந்தி

“…சாமிக்குன்னுதான் நானும் நெனச்சிட்டு இருந்தேங்க. சாமிக்கு இல்ல. நீங்க இந்தப் பைக்குத்தான் ஒருசந்தி இருக்கறீங்க” என்றாள் லூர்து.

லூர்து என் மனைவி. பெரிய வெள்ளிக்கிழமை காலையில், ஆஸ்பத்திரி வார்டில், என் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டு இதைச் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. கையில் ஈரத்துணி இருந்தது. குடம் எங்கே ஒழுகுகிறது என்று நாலு நாளாகத் தேடியவள், இடத்தைக் கண்டுபிடித்ததும் ஒரு குரலில் சொல்வாளே, அந்தக் குரல்.

ஒருசந்தி என்பது எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் புழங்கும் சொல். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிட்டு மற்ற வேளைகளை விடுவது. எல்லாருக்கும் கட்டாயம் என்று பார்த்தால் இரண்டே நாள்தான். நேர்ந்துகொண்டவர்கள் நாற்பது நாளும் இருப்பார்கள். நான் நேர்ந்துகொண்டவன். பை என்று லூர்து சொன்னது எதை என்பதற்கு நான் முதலிலிருந்து வர வேண்டும்.

கடத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். அங்கே மாவு மில் வைத்திருக்கிறேன். ராகி, கம்பு, கோதுமை, பொங்கலுக்கு முன்னால் பச்சரிசி. எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அரைக்க வந்தவர்கள் பேசிய பேச்சு. மோட்டார் ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டும் என்பதால் எங்கள் ஊர் ரகசியங்களில் பாதி என் மில்லில்தான் ரகசியம் என்ற பதவியை இழந்தன. நல்ல பேச்சாக ஒன்று காதில் விழுந்தால் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவைப்பேன். சென்ற ஐப்பசிக்குப் பிறகு அந்த டப்பாவில் தாள் எதுவும் விழவில்லை.

ஐப்பசியில் வெளிக்குப் போகும்போது ரத்தம் வர ஆரம்பித்தது. மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாள் முழுக்க மோட்டார் சூட்டில் நிற்கிறவனுக்கு வேறு என்ன வரும்? துத்திக் கீரை வதக்கித் தின்றேன். ரத்தத்தை ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. எழுந்திருக்கும் முன்பே தண்ணீரை ஊற்றிவிடுவேன். வேட்டி துவைக்கும்போது பார்த்தவள் லூர்துதான்.

“ஏங்க, இது என்னாங்க?”

“சூடு.”

“சூட்டுக்கு இப்படியாங்க வரும்? டாக்டருகிட்ட போலாம்.”

“பாக்கலாம், பாக்கலாம்.”

பார்க்கலாம் என்று நான் சொன்னால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். ஆறு வாரம் கழித்து, மூட்டையைத் தூக்கப் போனவன் தலைசுற்றி உட்கார்ந்த அன்று, மில்லைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள்தான் பஸ் ஏற்றினாள்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. காத்திருக்கும் இடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி, “உக்காந்த எடம் சூடாகறதுக்குள்ள பேரக் கூப்புட்டுருவாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தான் எம் மவன். எனக்கு இந்தச் சேரே பழசாயிப்போச்சி” என்றாள். வேறு சமயமாக இருந்தால் இதற்கு ஒரு தாள் கிழித்திருப்பேன். அன்று சிரிக்கக்கூட வரவில்லை. குடலைக் காலி செய்ய முதல் நாள் முழுக்க உப்புத் தண்ணீர் குடிக்கவைத்திருந்தார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, நுனியில் கேமரா வைத்த ஒரு குழாயைப் பின்வழியாக விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்த்தார்கள். ஓரிடத்தில் கொஞ்சம் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் வளைந்த குழாய் மாதிரி வரைந்தார். அதன் கடைசி வளைவில் பேனாவால் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார்.

“கேன்சருங்களா?” என்று லூர்து கேட்டாள்.

“ஆமாம்மா. ஆனா பரவல. வெட்டி எடுத்துடலாம். நேரத்துக்கு வந்துட்டீங்கன்னு சொல்ல முடியாது, ஆனா ரொம்பவும் லேட் இல்ல.”

நான் “சரிங்க” என்றேன். அவர் பேனா மூடியில் பல் பட்ட தடம் இருந்தது. இவ்வளவு பெரிய டாக்டர் பேனா கடிக்கிறாரே என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. பயம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்; வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் உதடு இருந்தும் இல்லாத மாதிரி இருக்குமே, நெஞ்சு முழுக்க அப்படி இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர், “என்ன மில்லுக்காரரே, மில்லு லீவுங்களா?” என்றார். “கல்லு தேஞ்சிபோச்சி, கொத்தற ஆளப் பாக்கப் போனேன்” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த லூர்து என்னைப் பார்த்தாள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து ஆபரேஷன். செலவில் பெரும்பகுதியைக் காப்பீட்டு அட்டை தாங்கியது. மிச்சத்துக்கு லூர்துவின் வளையல். அதை அவள் எப்போது கழற்றினாள் என்று எனக்குத் தெரியாது.

கட்டி இருந்த துண்டை வெட்டியெடுத்து, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். தைத்த இடம் ஆறும்வரை அதன் வழியாக எதுவும் போகக் கூடாது. அதற்காகச் சிறுகுடலில் ஒரு வளைவை வயிற்றின் வலதுபக்கம் துளையிட்டு வெளியே எடுத்து, தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். உண்டது எல்லாம் அங்கேயே வெளியே வந்துவிடும். நாம் அடக்கவோ நிறுத்தவோ முடியாது. அது வந்து விழுவதற்கு, தோலில் ஒட்டும் ஒரு வட்டத்தோடு பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிவிடுவார்கள். சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து குடலை உள்ளே வைத்து மூடிவிடலாம். வெளியே தெரியும் அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர்.

இத்தனையும் ஆபரேஷனுக்கு முன்பே எனக்குச் சொன்னார்கள். கையெழுத்தும் போட்டேன். ஆனாலும் கண்விழித்து, வயிற்றின்மேல் வெதுவெதுப்பாக ஏதோ கனப்பதை உணர்ந்தபோதுதான் அவர்கள் சொன்னது என்னைப் பற்றி என்று புரிந்தது.

மூன்றாம் நாள் ஒரு நர்ஸம்மா பை மாற்றக் கற்றுத்தர வந்தார். பொறுமையான பெண்.

“ஐயா, கீழ பாருங்க. பயப்படற மாதிரி ஒன்னும் இல்லீங்க. அதத் தொட்டாக்கூட உங்களுக்குத் தெரியாது. அதுல வலி நரம்பு கெடையாது.”

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கையில் ஒன்று லேசாக வளைந்திருந்தது.

“அம்மா கத்துக்கிட்டா போதுமுங்களா? நீங்களும் கத்துக்கணும்.”

“அவளுக்குத்தான் கை நல்லா வரும்மா.”

லூர்து கற்றுக்கொண்டாள். அளவு பார்த்து, வட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் நறுக்கி, உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி ஒட்ட வேண்டும். “ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டற மாதிரிதாங்க இருக்குது” என்று நர்ஸம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். பைக்குக் கீழே ஒரு கிளிப்பு உண்டு. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் அதைத் திறந்து காலி செய்ய வேண்டும். பகலில் நாலைந்து முறை, ராத்திரி ஒன்றிரண்டு முறை. கூடவே ஒரு பெரிய எச்சரிக்கை. சாப்பாட்டிலுள்ள தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுவது பெருங்குடல். என் உடம்பில் வழி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் குடிக்கிற தண்ணீர் உடம்பில் நிற்காமல் வெளியே போகும். மற்றவர்களைவிட அதிகமாக, உப்புச் சேர்த்துக் குடிக்க வேண்டும். இதை என்னிடம் மூன்று பேர் மூன்று தடவை சொன்னார்கள். தெரியாமல் செய்தேன் என்று பிறகு நான் யாரிடமும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தோம். மில்லை லூர்து நடத்தினாள். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, நடுவில் ஓடி வந்து பையைக் காலி செய்வாள். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். ராத்திரியில் பை கனத்தால் எனக்குத் தெரியும், கூப்பிடமாட்டேன். அவளாக எழுந்து வருவாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கிளிப்பைத் திறப்பாள். நான் தூங்குகிறவன் மாதிரி மூச்சு விடுவேன். கண்ணை மூடிய ஒருவனின் வயிற்றிலிருந்து மலத்தை வழித்துத் துடைத்துவிட்டு, அவன் தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்று அவள் நுனிக்காலில் நடந்து போவாள். ஒரு ராத்திரி கூட நான் விழித்திருப்பதாகக் காட்டிக்கொண்டதில்லை. பை ஒன்று என்ன விலை என்று கேட்டதில்லை. குளிக்கும்போது துண்டை வயிற்றில் போட்டுக்கொண்டு தலைக்குமேல் பார்ப்பேன். அந்த இரண்டு மாதமும் என் வயிற்றை நான் பார்க்கவே இல்லை.

பார்க்க வந்தவர்களெல்லாம் நல்லதாகத்தான் பேசினார்கள். “கட்டி போனா போதும், பை என்ன, இன்னிக்கி இருக்கும் நாளைக்கிப் போயிரும்” என்றார் ஒரு பெரியவர். நான் தலையாட்டினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பை ‘புர்ர்’ என்று சத்தம் போடும். யாரும் கேட்காத மாதிரி இருப்பார்கள். மில்லுக்குப் போனால் மோட்டார் சத்தத்தில் கேட்காது என்று லூர்து சொன்னாள். நான் போகவில்லை.

ஒரு நாள் காய்ச்சல் மாதிரி இருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அன்று பை லேசாக இருந்தது. அதை நான் கவனித்தேன்.

அந்த வாரம்தான் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். பங்குச் சாமியாருக்கு உதவியாக எங்கள் ஊரில் செபம் நடத்தும் உபதேசியார் வீட்டுக்கு வந்து என் நெற்றியில் சாம்பல் பூசினார். “இந்த வருசம் நீங்க ஒன்னும் செய்ய வேணாமுங்க, படுத்திருக்கறதே பெரிய தவம்” என்றார். “இல்லீங்க. நாப்பது நாளும் ஒருசந்தி இருக்கறதா நேர்ந்துக்கிட்டேன்” என்று என் வாய் சொன்னது. அந்த நிமிஷத்துக்கு முன்பு நான் அப்படி எதுவும் நேர்ந்துகொண்டிருக்கவில்லை.

உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. லூர்து மட்டும், “டாக்டரு தண்ணி நெறையாக் குடிக்கச் சொன்னாருங்களே” என்றாள்.

“ஆண்டவர் பாத்துக்குவாரு.”

“அப்ப நானும் உங்ககூட இருக்கறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் உபதேசியார் சொல்லிவிட்டார்: வயிற்றைக் கிழித்துத் தைத்த மனுஷன் ஒருசந்தி இருக்கிறார், கல்லு மாதிரி இருக்கிற நாம் என்ன செய்கிறோம் என்று. பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்தார். “நோயாளிக்கு ஒருசந்தி கெடையாதுங்க. அது சபையோட சட்டம். நீங்க சாப்புட்டா பாவம் இல்ல” என்றார். “நேர்ச்சைங்க சாமி” என்றேன். நேர்ச்சை என்ற சொல்லை எதிர்த்து எங்கள் ஊரில் யாரும் பேசமாட்டார்கள். ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஜனங்கள் என்னிடம் செபம் கேட்டு வர ஆரம்பித்தார்கள். பிள்ளைக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை. “உங்க செபத்துல சேத்துக்கங்க மில்லுக்காரரே” என்பார்கள். சேர்த்துக்கொண்டேன். கண்ணை மூடி மணிக்கணக்காகச் செபமாலை சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மாதங்களில் எனக்கு வந்த உணர்ச்சி என்று சொன்னால் அது ஒன்றுதான். மதியம் ஒரு வேளை சாப்பாடு முதலில் பாதியானது. பிறகு நாலு வாயானது. மாலைக்கு மேல் தண்ணீரையும் நிறுத்தினேன். பை தட்டையாக, ஒன்றுமே இல்லாத மாதிரிக் கிடக்கும். அன்றைக்குச் செபம் கேட்கப்பட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஈஸ்டருக்கு முந்திய புனித வாரம் பிறந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. சிறுநீர் ரெண்டு சொட்டு, டிகாஷன் நிறத்தில். குளியலறை வாசலில் விழுந்தேன். தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

ரத்தம் எடுத்தார்கள். உடம்பின் கழிவுகளைச் சிறுநீரகம் எவ்வளவு ஒழுங்காக வெளியேற்றுகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் என்ற கணக்கு ஒன்று உண்டு. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது எனக்கு நாலைத் தாண்டியிருந்தது. உப்பு தரைமட்டம். இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏறியது.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?” என்றார் டாக்டரம்மா.

“ஒருசந்தி இருக்கறாருங்க மேடம். நேர்ச்சை” என்றாள் லூர்து. சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இண்டூர்க்காரர் மாதையன். விவசாயி; சிறுநீரகத்தில் கல். வலி வராத நேரமெல்லாம் வாய் ஓடும். என் பையைப் பார்த்துவிட்டு, “பரவால்லீங்க, டெய்லரு பாக்கெட்டு வெச்ச எடம்தான் கொஞ்சம் மாறிப்போச்சி” என்றார். அவர் சம்சாரம் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஒருசந்தியைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

“ஏனுங்க, நாங்க மலைக்கு மாலை போட்டாக்கூட சோத்தத்தான் வுடுவோம். தண்ணிய வுடமாட்டோமுங்க. உங்க சாமி தண்ணியுமா வேணாங்குது?”

“சாமி சொல்லலைங்க. நானா நேர்ந்துக்கிட்டது.”

“அப்ப நல்லதாப் போச்சி. நீங்க சொன்னத நீங்களே மாத்திக்கலாம். மேல கேக்கற வேல இல்ல பாருங்க.”

வியாழக்கிழமை டாக்டரம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். குளுக்கோஸ் ஏற்றுவது ஒரு தாங்கல்தான், வாய் வழியாக உப்புக்கஞ்சியும் தண்ணீரும் போனால்தான் சிறுநீரகம் திரும்பும் என்றார். “நீங்க வாய் வழியா ஒன்னும் எடுக்கலைன்னா நான் உங்கள டயாலிசிஸ்ல போட வேண்டி வரும். மிசினு ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடும். சில பேருக்கு அது அப்பறம் வாழ்நாள் பூரா வேணும்.” லூர்து சேலை முந்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான், “நாளைக்குப் பெரிய வெள்ளிங்க. ஞாயித்துக்கெழம உயிர்ப்புப் பூச முடிஞ்சதும் சாப்புட்டுக்கறேன்” என்றேன். சாவு என்னைப் பயமுறுத்தவில்லை. அது தைரியம் என்று அப்போது நினைத்தேன். மரத்துப்போன கைக்கும் நெருப்பு சுடாது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒட்டியிருந்த வட்டம் ஒரு பக்கம் பிரிந்து ஒழுகிவிட்டது. லூர்து பையைக் கழற்றினாள். புதுப் பைக்கு வட்டம் நறுக்கி வைத்துவிட்டு, துணியை நனைத்துக்கொண்டு வந்தவள், பாதி வழியில் கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. மாதையன் சம்சாரம் ஓடிவந்து தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

“வேணாம்மா. இன்னிக்கிப் பெரிய வெள்ளி. மூணு மணிக்கு, ஆண்டவர் உசுரு விட்ட நேரத்துக்குப் பெறகுதான் வாய நனைப்பேன்.”

“மயக்கம் வருதே தாயி!”

“ஏழு வயசுல ஆரமிச்சது. ஒரு வருசமும் விட்டதில்லம்மா. மூத்தவனப் பெத்த நாலாம் மாசங்கூட விடல” என்றாள். மூத்தவன் வெளியூரில் வேலையில் இருக்கிறான்.

அவள் கன்னம் உள்வாங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நாற்பது நாளாக மூட்டை தூக்கி, மாவு அரைத்து, ராத்திரி எழுந்து, ஒரு வேளை சாப்பாட்டில் ஓடிய உடம்பு. அந்தப் பெண் போனதும் லூர்து அலமாரிமேல் இருந்த தூக்குப் போணியைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்புக்கஞ்சி. ஆவி வந்தது.

“டாக்டரம்மா சொன்னதுக்காக ரெண்டு வாய் குடிங்க. உங்க பாவத்த நான் சொமக்கறேன்.”

“வேணாம்.”

“ஏங்க!”

“குடிச்சா மறுபடி ரொம்பும் லூர்து.”

வேண்டுமென்று சொன்னதல்ல. மயக்கத்தில் வந்துவிட்டது.

“எது ரொம்பும்?”

அவள் கழற்றிவைத்த பழைய பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஓ” என்றாள். “நாப்பது நாளு. சாமிக்குன்னுதான் நானும் நெனச்சிட்டு இருந்தேங்க. சாமிக்கு இல்ல. நீங்க இந்தப் பைக்குத்தான் ஒருசந்தி இருக்கறீங்க. சரி, நீங்க பைக்கு இருந்தீங்க. நான் யாருக்குங்க இருந்தேன்?”

மாதையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வார்டில் யாரோ இருமினார்கள். எனக்குப் பார்க்க ஓர் இடமும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, விசிறி என் கட்டிலுக்கு நேரே இல்லை. துண்டை எடுத்தேன். கீழே பார்த்தேன்.

சிவப்பாக, ஈரமாக, கன்னத்தின் உட்பக்கச் சதை மாதிரி இருந்தது. ஒரு எலுமிச்சைப் பழ அளவு. சுற்றிலும் தோல் வெந்து புண்ணாகியிருந்தது. அந்த எரிச்சல் எனக்கு இத்தனை நாளாகத் தெரிந்ததுதான். எதுவென்று தெரியாமல் இருந்தது. அது மெதுவாகச் சுருங்கி விரிந்தது. வண்டி மாடு நின்ற இடத்தில் அசை போடுகிற மாதிரி, யாருடைய சம்மதமும் கேட்காமல், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான் பட்டினி போட்டதும் செபம் சொன்னதும் அதற்குத் தெரியாது. அது இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த நாளிலெல்லாம் அதுதான் என்னை உயிரோடு வைத்திருந்தது.

“துணியக் குடு” என்றேன்.

லூர்து கொடுத்தாள். துடைத்தேன். விரல் அதன்மேல் பட்டது. நர்ஸம்மா சொன்னது சரிதான்: தொடுகிற விரலுக்கு வெதுவெதுப்பு தெரிந்தது, தொடப்பட்ட இடத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. அவள் நறுக்கி வைத்திருந்த வட்டத்தை உள்ளங்கையில் சூடேற்றி ஒட்டினேன்.

“கோணலா ஒட்டறீங்க.”

“இருக்கட்டும்.”

“ஒழுகும்.”

“ஒழுகினா நானே மறுபடி ஒட்டறேன்.”

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் சிலுவையை மூடியிருக்கும் ஊதாத் துணியை விலக்கி, ஆணியடித்த காலை எல்லாரும் வரிசையில் போய் முத்தமிடுவோம். சின்ன வயதிலிருந்து அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். துணியை விலக்கினால் அங்கே காயம்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் நின்றிருக்கிறேன். என் வயிற்றின்மேல் கிடந்த துண்டை விலக்க எனக்கு இரண்டு மாதமும் ஒரு சிறுநீரகத்தில் பாதியும் ஆனது. கண்ணை மூடிச் சொன்ன செபத்திலெல்லாம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, இது இல்லாமல் போகட்டும் என்று. அன்று கண் திறந்திருந்தபோது கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனந்தக் கண்ணீர் எதுவும் வரவில்லை. மரத்தது அப்படியேதான் இருந்தது. ஆனால் ஒளிந்துகொள்ள வேண்டிய இடம் ஒன்று குறைந்திருந்தது. அந்த அளவுக்கு மூச்சு விட முடிந்தது. விடுதலை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தானா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது இந்த அளவு.

இதை எழுதும்போது பை இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது. மூடும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கவில்லை. சிறுநீரகம் தேறட்டும் என்கிறார்கள். காலையில் மில்லுக்குப் போகிறேன். இரண்டு மூட்டைக்கு நடுவில் பின்பக்கம் போய்க் காலி செய்துவிட்டு வருகிறேன். யாராவது கேட்டால் பையைக் காட்டுகிறேன். இப்போதுதான் இப்படி ஒரு பையோடு வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு நான் சொல்வது, தண்ணீரை நிறுத்தாதீர்கள். தூங்குகிற மாதிரி நடிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும். லூர்துவுக்கு ஒவ்வொரு ராத்திரியும் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “மூச்சு ஒரே சீராப் போனா எனக்குத் தெரியாதுங்களா? தூங்கும்போது நீங்க கொறட்ட விடுவீங்க” என்றாள்.

அன்று பையை ஒட்டி முடித்து, கிளிப்பைப் போட்டுவிட்டு, “கஞ்சியக் குடு, குடிக்கறேன்” என்றேன். “பெரிய வெள்ளி போனாப் போகுது.”

அவள் உடனே கொடுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். என் கால்மாட்டில் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தாள். போணியிலிருந்து டம்ளரில் எனக்கு ஊற்றினாள். போணியின் மூடியை நிமிர்த்தி அதிலும் விளிம்பு வரை ஊற்றினாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். லூர்து நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொண்டாள். மணி பத்தரைகூட ஆகியிருக்காது. மூடியை இரண்டு கையாலும் தூக்கி, எனக்கு முன்பாக, நடுவில் நிறுத்தாமல் குடித்தாள்.